தபால்காரர் கதை – 17: அஞ்சல் நின்ற 47 நாட்கள்

1971 ஜனவரி 20, புதன்கிழமை. பிரிட்டன் முழுவதிலும் அன்று காலையில் தபால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தெருமுனைகளில் நிற்கும் சிவப்புத் தபால் பெட்டிகளின் வாயை அடைத்துவிட்டார்கள். 1840-இல் பென்னித் தபால் தொடங்கியதிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலும் ஓடிய சேவை அது. 1964 ஜூலையில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்ததுண்டு. ஆனால் நாடு முழுக்கத் தபால் ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து, ஊதியம் உயரும்வரை உள்ளே போவதில்லை என்று வெளியே வந்து நின்றது அதுவே முதல் தடவை. மார்ச் 8, திங்கட்கிழமை அவர்கள் வேலைக்குத் திரும்பியபோது 47 நாட்கள் ஓடியிருந்தன. கேட்டது கிடைக்கவில்லை.

சென்ற வாரம் நியூயார்க்கில் இருந்தோம். 1970 மார்ச் 18-இல் அங்கே தொடங்கிய போராட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறங்கினார்கள். அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தமே சட்டப்படி குற்றம். அதிபர் நிக்ஸன் நெருக்கடி நிலை அறிவித்து, கடிதங்களைப் பிரிக்க நியூயார்க்குக்குப் படையை அனுப்பினார். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஆண்டே ஊழியர்களின் சம்பளம் கூடியது, அஞ்சல் துறையின் அமைப்பே மாறியது.

பத்து மாதம் கழித்து பிரிட்டனில் அமெரிக்காவைப் போல வேலைநிறுத்தமே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. படை வரவில்லை. பொதுமக்களில் பலர் தபால்காரர் பக்கம் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பதில் ஏழு வாரம் சம்பளமில்லாமல் நின்றார்கள். இருந்தும் தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்று அறிய, யார் யாருக்கு வலித்தது, யாருக்கு வலிக்கவில்லை என்று பார்த்தால் போதும். அதற்கு நாம் கடைத்தெருவுக்கும் குடியிருப்புகளுக்கும்தான் போக வேண்டும்.

சண்டையின் தொடக்கம்

பிரிட்டனில் அஞ்சல் துறை 1969 அக்டோபர் 1 வரை அமைச்சரின் நேரடிப் பொறுப்பில் இருந்த அரசுத் துறை. அன்றிலிருந்து அது பொதுத்துறைக் கழகமானது. கடிதம், தந்தி, தொலைபேசி மூன்றும் அதே கழகத்தின் கையில் இருந்தன. இந்த மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தது நம் கதைக்கு முக்கியம்.

1970 ஜூனில் எட்வர்ட் ஹீத் தலைமையில் கன்சர்வேட்டிவ் ஆட்சி வந்தது. விலைவாசி வேகமாக ஏறிக்கொண்டிருந்த காலம். பொதுத்துறையில் ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தமும் அதற்கு முந்தைய ஒப்பந்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் புதிய அரசு உறுதியாக இருந்தது. அந்த நவம்பரில் அஞ்சல் கழகத்தின் தலைவர் ஹால் பிரபுவை அமைச்சர் கிறிஸ்டோபர் சாட்டவே பதவியிலிருந்து நீக்கினார். ஊழியர்கள் பல ஊர்களில் அப்போதே வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பகை அன்றைக்கே மூண்டுவிட்டது.

அஞ்சல் ஊழியர் சங்கத்தில் தபால்காரர்கள், கடிதம் பிரிப்பவர்கள், கவுன்ட்டர் எழுத்தர்கள், தொலைபேசி இணைப்புத் தரும் ஆபரேட்டர்கள் என்று ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். பொதுச்செயலாளர் டாம் ஜாக்சன், லீட்ஸ் நகரத்துக்காரர். பதினான்கு வயதில் தந்தி கொடுக்கும் பையனாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட பெரிய மீசையால் அந்த ஏழு வாரத்தில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்த முகமானார். சங்கம் 15 விழுக்காடு உயர்வு கேட்டது. நிர்வாகம் 8 விழுக்காட்டில் நின்றது. தபால்காரரின் அடிப்படைச் சம்பளம் குறைவு. ஓவர்டைம் பார்த்தால்தான் குடும்பம் ஓடும். விலைவாசியே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறும்போது, 8 விழுக்காடு என்பது அவருக்கு உயர்வாகவே தெரியவில்லை.

கடனில் ஓடும் கடை

அன்றைய பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி கடிதங்கள் போய்வந்தன. அவற்றில் பெரும்பகுதி வணிகத் தபால். பில், ரசீது, ஆர்டர், விலைப்பட்டியல், காசோலை, கடன் நினைவூட்டு. இவை நின்றால் என்ன ஆகும்?

பர்மிங்காமில் பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பித்தளைத் தாழ்ப்பாள் செய்து ஊர் ஊராக இரும்புச் சாமான் கடைகளுக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு முதலில் போகும். பில் தபாலில் பின்னால் போகும். ஒரு மாதத் தவணையில் கடைக்காரர் காசோலையைத் தபாலில் அனுப்புவார். அந்தக் காசோலையை வங்கியில் போட்டுத்தான் பட்டறைக்காரர் பித்தளைத் தகட்டுக்கும், வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்கும் பணம் புரட்டுவார். சரக்கை லாரியில் அனுப்பிவிடலாம், அது வேலைநிறுத்தத்தால் நிற்கவில்லை. நின்றது பில்லும் காசோலையும். விற்ற பொருளுக்குப் பணம் வராது. வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். கூலியைத் தள்ளிப்போட முடியாது. லாபத்தில் ஓடும் தொழில்கூட இப்படி ஏழு வாரம் தாங்காது. கொடுக்க வேண்டியவர் சிலர் தபால் இல்லை என்பதையே சாக்காக வைத்துக் காலம் கடத்தவும் வழியிருந்தது.

பெரிய நிறுவனத்தின் நிலை வேறு. அதனிடம் எழுத்துச் செய்தியைக் கம்பிவழி உடனே அனுப்பும் டெலக்ஸ் இருந்தது. கிளைகளுக்கிடையே ஓடும் சொந்த வண்டிகள் இருந்தன. மோட்டார் சைக்கிளில் ஆளனுப்ப வசதி இருந்தது. வங்கிகள் தங்கள் காகிதங்களைத் தங்கள் ஆட்களைக் கொண்டே நகர்த்தின. செலவு கூடியது, சிரமம் கூடியது, ஆனால் வேலை நிற்கவில்லை. சிறு பட்டறைக்காரர் ஒரு காசோலையை வாங்க மான்செஸ்டருக்கு ரயிலேறினால் அந்தக் காசோலையின் லாபம் ரயில் கட்டணத்தில் போய்விடும்.

தபாலையே முதலாக வைத்து நடந்த தொழில்களின் பாடு இன்னும் மோசம். லிட்டில்வுட்ஸ் போன்ற நிறுவனங்களின் கேட்டலாக் வியாபாரம் அப்போது தொழிலாளர் குடியிருப்புகளில் வேரூன்றியிருந்தது. தடித்த படப் புத்தகத்தை ஒரு பெண்மணி வீட்டில் வைத்திருப்பார். அக்கம்பக்கத்தார் அதில் போர்வை, காலணி, குழந்தைக்குக் கோட்டு என்று பார்த்துச் சொல்வார்கள். அவர் ஆர்டரைத் தபாலில் அனுப்புவார், பொருள் பார்சலில் வரும், வாரா வாரம் தவணைக் காசை அவரே வீடு வீடாக வாங்கித் தபாலில் கட்டுவார். அவருக்குப் பத்தில் ஒரு பங்கு கமிஷன். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அஞ்சலில் கோத்தது. ஜனவரி 20-க்குப் பிறகு ஆர்டரும் போகவில்லை, பார்சலும் வரவில்லை, கமிஷனும் இல்லை. எந்தப் பத்திரிகையின் வணிகப் பக்கத்திலும் அந்தப் பெண்மணியின் நஷ்டம் கணக்கில் ஏறியிருக்காது. அந்தக் குடும்பத்துக்கு அது பால் காசு.

கால்பந்து முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் ‘பூல்ஸ்’ பந்தயம் அன்று நாடு தழுவிய பழக்கம். லிட்டில்வுட்ஸ், வெர்னன்ஸ் இரண்டுக்கும் லிவர்பூல்தான் தலைமையிடம். வாரா வாரம் தபாலில் வந்து குவியும் சீட்டுகளைச் சரிபார்ப்பதற்கென்றே அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். சீட்டுத் தபாலில் வராதபோது அடிபடுவது பந்தயம் கட்டுபவரின் சனிக்கிழமை மட்டுமல்ல, ஒரு நகரத்துப் பெண்களின் வேலையும்தான். தோட்டத்துக்கு விதை வாங்கும் பருவம் பிப்ரவரி, மார்ச். விதை வியாபாரிகளுக்கு ஆண்டு முழுவதற்குமான ஆர்டர் தபாலில் வந்து சேரும் வாரங்கள் அவை. தபாலில் வரும் நன்கொடையை நம்பிய தொண்டு நிறுவனங்களும் வெறும் கையோடு நின்றன. வங்கிக் கணக்கு இல்லாத எளியவர்களுக்காக 1968-இல் தொடங்கிய தேசிய ஜைரோ என்னும் அஞ்சல் வங்கிக்குக் கடிதம்தான் கவுன்ட்டர். கடிதம் நின்றதும் அதன் கையும் கட்டப்பட்டது.

ஐந்து பவுண்டு பென்ஷன்

துணையின்றித் தனியே வாழும் முதியவருக்கு அன்று அரசு தந்த ஓய்வூதியம் வாரத்துக்கு 5 பவுண்டு. அதை வங்கியில் போட மாட்டார்கள். முதியவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். வாரம் ஒருமுறை தபால் நிலையத்துக்குப் போய், கவுன்ட்டரில் நீட்டினால் எழுத்தர் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு பணம் தருவார். இரண்டாவது குழந்தையிலிருந்து தாய்மார்களுக்குக் கிடைத்த குடும்பப்படியும் அதே கவுன்ட்டரில்தான்.

நகரங்களின் பெரிய தபால் நிலையங்களில் உட்கார்ந்திருந்த எழுத்தர்கள் சங்க உறுப்பினர்கள். அவர்கள் வெளியே வந்ததும் கவுன்ட்டர்கள் மூடின. தெருவோரத்திலும் கிராமத்திலும் இருந்த கிளை நிலையங்கள் வேறு வகை. மிட்டாய், செய்தித்தாள், புகையிலை விற்கும் கடையின் ஒரு மூலையில் கம்பித் தடுப்பு போட்ட அஞ்சல் கவுன்ட்டர்; கடைக்காரரே கிளை அஞ்சல் அதிகாரி. அவர்களுக்குத் தனிச் சங்கம். அந்தச் சங்கம் இந்த வேலைநிறுத்தத்தில் இல்லை. நாட்டின் தபால் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கிளைகள்தாம். அவற்றில் பல திறந்திருந்ததால்தான் லட்சக்கணக்கான முதியவர்கள் தப்பித்தார்கள்.

அந்தக் கடைக்காரரின் இக்கட்டை யோசித்துப் பாருங்கள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், குளிரில் நடந்து வந்து பென்ஷன் புத்தகத்தோடு நிற்கும் பாட்டி. அந்தப் பக்கம், நேற்றுவரை காலையில் தபால் பையை இறக்கி வைத்துவிட்டுப் பேசிப் போன தபால்காரர், இன்று சம்பளமில்லாமல் மறியலில் நிற்கிறார். கடையைத் திறந்தால் ஒருவருக்குத் துரோகம், மூடினால் இன்னொருவருக்கு. ஊர் சிறியது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் இருவர் முகத்திலும் அவர் விழிக்க வேண்டும். பெரிய போராட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த மனிதரைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஊருக்கு வந்த கஷ்டத்தில் பாதியைச் சத்தமில்லாமல் தாங்கியவர் அவர்.

தகவல் என்ற வகையிலும் இழப்பு எளியவர்களுக்கே. 1972-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில்கூட பிரிட்டனின் வீடுகளில் 42 விழுக்காட்டில்தான் தொலைபேசி இருந்தது. அதாவது பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளியூரில் இருக்கும் மகனோடு, மருத்துவமனையோடு, வேலை கொடுப்பவரோடு பேசக் கடிதம் ஒன்றே வழி. வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு நேர்காணல் கடிதம் வரவில்லை. அன்று லண்டனில் படித்துக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருந்த இந்திய, இலங்கைக் குடும்பங்களுக்கு ஊரோடு இருந்த உறவே ஏரோகிராம் என்ற நீலநிற வான்அஞ்சல் தாள்தான். கடல் கடந்து தொலைபேசியில் பேசும் வசதி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

வானொலியில் பாடம், தபாலில் புத்தகம்

வேலைநிறுத்தத்தின் அடி விழுந்த இடங்களில் என்னை மிகவும் தொடுவது திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பள்ளிப் படிப்பை முடிக்க முடியாமல் வேலைக்குப் போனவர்கள், குழந்தை வளர்க்கும் தாய்மார்கள், மாலையில் மட்டும் நேரம் கிடைப்பவர்கள் பட்டம் பெற வேண்டும் என்று பிரிட்டன் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பிற்பாடு நம் நாட்டிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தபோது முன்மாதிரியாக நின்றது. முதல் மாணவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். அவர்களுக்குப் பாடம் தொடங்கியது 1971 ஜனவரியில்.

பி.பி.சி.யில் பாடம் ஒலிபரப்பாகும். ஆனால் படிப்பின் முதுகெலும்பு தபாலில் வரும் பாடநூல் கட்டு. மாணவர் எழுதும் பயிற்சிக் கட்டுரை தபாலில் ஆசிரியருக்குப் போக வேண்டும், திருத்தி மதிப்பெண்ணோடு தபாலில் திரும்ப வேண்டும். பாடம் தொடங்கிய அதே மாதத்திலேயே அஞ்சல் நின்றது. “இது தேறாது” என்று முகம் சுளித்தவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். பல்கலைக்கழகம் தளரவில்லை. மாற்று வழிகளைத் தேடிப் பாடக்கட்டுகளை நாடெங்கும் இருந்த தன் படிப்பு மையங்கள் பக்கம் திருப்பியது. மாணவர்களும் விடவில்லை. பகலில் உழைத்து இரவில் படித்த அந்த முதல் அணி, தபால் இல்லாத முதல் பருவத்தையும் தாண்டி வந்தது. அவர்களில் தபால்காரரின் தெருவைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒருவரின் நியாயமான போராட்டம் இன்னொருவரின் ஒரே வாய்ப்பில் போய் இடித்தது.

வேலைநிறுத்தத்தின் நடுவில் புதிய காசு

இந்த 47 நாட்களுக்குள் பிரிட்டனின் பணமே மாறியது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கு போய், 100 புதிய பென்ஸ் ஒரு பவுண்டு என்று ஆனது 1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அந்த மாற்றத்துக்காக வங்கிகள் நான்கு நாட்களுக்கு மேல் கதவை மூடிக் கணக்குகளைத் திருத்தின.

அஞ்சல் நிர்வாகம் அன்று புதிய மதிப்புகளில் 12 தபால்தலைகளை வெளியிட்டது. அரைப் பென்னியிலிருந்து ஒன்பது பென்ஸ் வரை; ஆர்னால்டு மேச்சின் வடித்த ராணியின் தலை. ஆனால் ஒட்டி அனுப்பத் தபால் ஓடவில்லை. திறந்திருந்த கிளைகளில் சேகரிப்பாளர்கள் தலைகளை வாங்கினார்கள். முதல்நாள் முத்திரை குத்த வேண்டிய உறைகள் வாரக்கணக்கில் காத்திருந்தன. வேலைநிறுத்தம் முடிந்து அவை போனபோது, ‘1971 அஞ்சல் வேலைநிறுத்தத்தால் தாமதம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் அவற்றில் பதிந்திருந்தது. தபால்தலை சேகரிப்பவர்களிடம் இன்றும் அந்த உறைகள் இருக்கின்றன. தேதி பிப்ரவரி 15, பயணமோ மார்ச்சில்.

புதிய காசோடு கட்டணமும் ஏறியது. முதல்வகுப்புக் கடிதம் 5 பழைய பென்ஸிலிருந்து 3 புதிய பென்ஸ். பழைய கணக்கில் ஏழு பென்ஸுக்கும் மேல். இரண்டாம் வகுப்பு 4-இலிருந்து இரண்டரைப் புதிய பென்ஸ், அதாவது 6 பழைய பென்ஸ், சரியாக ஒன்றரை மடங்கு. தபால்காரருக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்த அதே நிர்வாகம், கடிதம் போடுகிறவரிடம் 50 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்டது. மறியலில் நின்றவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆத்திரம் வேறு என்ன வேண்டும்?

யாரும் தபால் நடத்தலாம்

கடிதம் கொண்டுபோகும் உரிமை பிரிட்டனில் நூற்றாண்டுகளாக அரசு அஞ்சலுக்கு மட்டுமே உரியது. வேலைநிறுத்தம் நடந்த காலத்துக்கு அந்தத் தனியுரிமையை அமைச்சர் சாட்டவே தளர்த்தினார். உடனே ஊருக்கு ஊர் தனியார் தபால்கள் முளைத்தன, நூற்றுக்கணக்கில். வேன் வைத்திருந்தவர், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர், ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்ப முடிந்தவர் என்று பலரும் இறங்கினார்கள். பலர் தனித் தபால்தலையே அச்சிட்டார்கள். கடிதத்துக்காக வாங்கியவர்களோடு ஆல்பத்துக்காக வாங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சேகரிப்பாளர்களை நம்பியே சிலர் தலை அச்சிட்டதும் உண்டு.

இந்தத் தனியார் தபால்கள் நகரத்துக்குள், அலுவலகங்களுக்கிடையே, அவசரக் காகிதங்களைச் சுமந்தன. கட்டணம் அதிகம். வேல்ஸ் மலைச்சரிவில் ஒற்றை வீட்டுக்கும் ஸ்காட்லாந்துத் தீவுக்கும் அதே விலையில் கடிதம் கொண்டுபோவதாக அவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்கிருந்து எங்கே போனாலும் ஒரே கட்டணம் என்று 1840-இல் ரோலண்டு ஹில் நிலைநாட்டிய கொள்கையின் உயிரே, லாபம் தரும் தெருவின் வருமானத்தில் லாபம் தராத ஊரைச் சேர்த்துத் தாங்குவதுதான். அந்தப் பாரத்தை ஏற்காமல் லாபமுள்ள தெருவை மட்டும் எடுத்துக்கொள்வது எத்தனை சுலபம் என்று 1971 காட்டிவிட்டது. பிற்காலத்தில், 2006-இல், பிரிட்டன் அந்தத் தனியுரிமையை அடியோடு எடுத்தது. 2013-இல் ராயல் மெயிலையே தனியாருக்கு விற்றது. அந்தப் பாதையின் முதல் மைல்கல் இந்த ஏழு வாரத்தில் நடப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

தொலைபேசி ஓயவில்லை

இனித் தோல்விக்கு வருவோம். அஞ்சல் கழகத்தின் பணப்பை தொலைபேசிப் பக்கம் இருந்தது. தொலைபேசிப் பொறியாளர்களுக்கு வேறு சங்கம். அவர்கள் வேலைநிறுத்தத்தில் இல்லை. ஆபரேட்டர்களிலும் கணிசமானோர் வேலையைத் தொடர்ந்தார்கள். எண்ணைச் சுழற்றினால் தானே இணையும் தானியங்கி நிலையங்கள் பெருகிவிட்டிருந்தன. கடிதம் போட முடியாத நிறுவனங்கள் தொலைபேசியில் பேசித் தீர்த்தன. கடிதம் நின்றதால் ஏற்பட்ட வருவாய் இழப்பின் ஒரு பகுதியை அதே கழகத்தின் தொலைபேசிப் பில் ஈடுகட்டியது.

சங்கத்திடம் வேலைநிறுத்தப் படி தரும் அளவுக்கு நிதி இல்லை. மிகவும் சிரமப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு சிறு உதவித் தொகை தர முடிந்தது. பலருடைய மனைவியும் பிள்ளைகளும் அரசின் துணை உதவித் தொகையில் நாளைக் கடத்தினார்கள். லண்டன் ஹைட் பார்க்கில் பெருங்கூட்டங்கள் நடந்தன. மற்றத் தொழிற்சங்கங்கள் பணம் தந்தன, கடன் தந்தன. ஆனால் கூடவே வேலையை நிறுத்தவில்லை. 1946 ஜூலையில் நம் நாட்டு அஞ்சல் ஊழியர்கள் வெளியே வந்தபோது, ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தா நகரமே அவர்களுக்காக வேலையை நிறுத்தியதை இத்தொடரில் முன்பு பார்த்தோம். 1971 பிரிட்டனில் அப்படி ஒரு நாள் வரவில்லை.

மார்ச் தொடக்கத்தில் கையிருப்பு தீர்ந்தது. தனி விசாரணைக் குழு ஒன்றிடம் பிரச்சினையை விட்டு வேலைக்குத் திரும்பலாம் என்று சங்கத் தலைமை சொன்னது. உறுப்பினர்கள் கனத்த மனத்தோடு ஏற்றார்கள். சர் ஹென்றி ஹார்ட்மன் தலைமையிலான குழு கடைசியில் பரிந்துரைத்தது 9 விழுக்காடு. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைநாட்களை இழந்து, கடனில் மூழ்கி, 8-ஐ 9 ஆக்கினார்கள்.

நியூயார்க்கோடு ஒப்பிட்டால் காரணம் துலங்கும். அங்கே அடி விழுந்தது வங்கிகளின் மேலும் பங்குச்சந்தையின் மேலும். அவர்கள் வாஷிங்டனை உடனே அழைக்கக் கூடியவர்கள். அரசு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிரிட்டனில் அப்படி அமைச்சரை அழைக்கக் கூடியவர்களிடம் டெலக்ஸும் தொலைபேசியும் வண்டியும் இருந்தன. வலித்தது பட்டறைக்காரருக்கு, கேட்டலாக் பெண்மணிக்கு, பென்ஷன் பாட்டிக்கு, திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவருக்கு. அவர்கள் குரல் அமைச்சர் அறைக்கு எட்டவில்லை. அரசு பொறுத்துப் பார்த்தது. பெரியவர்களின் அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் நாடே ஓடுவதாகக் கணக்குப் போட்டது. தாங்க முடிந்தவர்களின் அமைதியை வைத்து ஒரு பொதுச் சேவையின் மதிப்பை எடை போடுவது அநீதி. வேறு வழியே இல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துத்தான் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும். அப்படி எண்ணியிருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கூடுதல் விழுக்காடு ஏழு வாரத்துக்கு முன்பே கிடைத்திருக்கும். பட்டறையும் பாட்டியும் தப்பித்திருப்பார்கள், தபால்காரரும் தலைநிமிர்ந்து வேலைக்குப் போயிருப்பார்.

தபால் ஊழியர்கள் இந்தத் தோல்வியிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். நாடு முழுக்கத் தபாலை நிறுத்தினால் எளியவர்கள்தான் முதலில் நொறுங்குவார்கள். ஆனால் முழுக்க முழுக்கத் தபாலையே நம்பிக் கொழுக்கும் ஒரே ஒரு முதலாளியின் தபாலை மட்டும் தொடாமல் விட்டால்? ஆறு ஆண்டுகள் கழித்து, வடமேற்கு லண்டனில் கிரிக்கிள்வுட் தபால்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். மக்கள் தபாலில் அனுப்பும் படச் சுருள்களைக் கழுவிக் கொடுக்கும் கிரன்விக் நிறுவனத்தின் வாசலில், ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணியின் தலைமையில், சேலை கட்டிய தொழிலாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத் தபால் மூட்டைகளைத் தொட மறுத்த தபால்காரர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)